வாசலிலிருந்து போட்ட தரை

ஏழு மாதமாக அந்த வீட்டில் தப்பான இடத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் டைல்ஸ் மேஸ்திரி கட்டிலில் காலை நீட்டுவார். மனைவி எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து, வலது முட்டியில் ஊற்றி, இரண்டு கையாலும் உருட்டி உருட்டித் தேய்ப்பாள். சலவைக்கடையில் பகல் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. வீட்டுக்கு வரும்போது அதில் மிச்சம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் தேய்ப்பாள். "இப்ப எப்படி இருக்கு?" என்பாள். "பரவால்ல" என்பார் அவர். பரவாயில்லாமல் என்ன? முட்டியில் அவருக்கு ஒரு வலியும் கிடையாது.

வலி இருந்தது தொடையும் இடுப்பும் சேர்கிற மடிப்பில், உள்ளே, ஆழத்தில். ஓர் ஆண் நாலு பேர் முன்னால் விரல் வைத்துக் காட்டக் கூச்சப்படும் இடத்துக்கு நாலு விரல் தள்ளி. அந்த நாலு விரல் தூரத்தில்தான் மனுஷன் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டார்.

தொழிலில் அவருக்குத் தவளை என்று பேர். திட்டி வைத்த பேர் இல்லை, மெச்சி வைத்தது. எவ்வளவு பெரிய கூடமானாலும் ஒரு மூலையில் குந்தினால் மறு மூலையில்தான் எழுந்திருப்பார். ஒரு தத்து, ஒரு டைல். ஒரு தத்து, ஒரு டைல். ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டிக் காதைச் சாய்ப்பார். அடியில் காற்று நின்றிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். உடனே பெயர்த்து மறுபடி வைப்பார். அவரைவிடச் சின்னவர்கள் முட்டிக்கு மெத்தை கட்டிக்கொண்டு மண்டியிட்டு வேலை செய்வதைப் பார்த்தால், "என்னடா, கும்பிட்டுக்கிட்டே தரை போடுறீங்க? வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு அவரே சத்தமாகச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன வருஷம் குளிர் தொடங்கின நாட்களில் வலது பக்கம் ஏதோ கவ்வ ஆரம்பித்தது. குந்தப் போனால் பாதி வழியில் உள்ளே எதுவோ எதிலோ முட்டி நின்றது. மீறி இறக்கினால் கிடுக்கியால் பிடித்த மாதிரி வலி. எழுந்து நடந்தால் ஒன்றும் இல்லை. டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு அடி நொண்டும், அப்புறம் சரியாகிவிடும். காரில் ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. பேண்ட் போடச் சுவர் வேண்டியிருந்தது. சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று. தரை ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லி நாற்காலியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மண்டியிட்டும் பார்த்தார், யாரும் இல்லாத ஒரு சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. முன்னால் குனிந்தபோது அதே இடத்தில் அதே கவ்வல்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "எங்க வலி?" என்பார்கள். காட்டினால் ஆண்கள் கூடுகிற இடத்தில் என்ன மாதிரிச் சிரிப்பு எழும் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பார்த்து அவரே அப்படிச் சிரித்திருக்கிறார். அதற்கும் மேலே ஒரு வெட்கம் இருந்தது. குந்த முடியாத டைல்ஸ்காரனை யார் கூப்பிடுவார்கள்? மனைவி ஒருநாள் அவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டபோது வாயில் சட்டென்று வந்தது முட்டி. முட்டி கௌரவமான இடம். அதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

படுக்கையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கத் தொடங்கியதற்கு மனைவி வேறு காரணங்களை யோசித்துப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. அவளுக்கும் வெட்கம் இருந்தது.

இது இப்படியே ஓடியிருக்கும், அந்தப் பாத்ரூம் மட்டும் வராமல் இருந்தால்.

மாடி வீடு. படுக்கையறையை ஒட்டிய பாத்ரூம், நாலடி அகலம், ஏழடி நீளம். தண்ணீர் இறங்கும் ஓட்டை உள்கோடியில், ஜன்னலுக்குக் கீழே. கூட வேலை செய்தவன் மனைவியின் தம்பி. பதினோரு வருஷமாக அவரோடு இருப்பவன். கலவை போட்டு விரிப்பான், டைல் வெட்டுவான், அளவை இரண்டு தடவை எடுப்பான், மூன்றாவது தடவை எடுக்கலாமா என்று கேட்பான். அவனுடைய நிதானத்தைக் கிண்டல் செய்யாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

பாத்ரூம் தரையை எங்கே தொடங்குவது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஓட்டையில் தொடங்க வேண்டும். அதுதான் இருப்பதிலேயே பள்ளம். அதைப் பதித்துவிட்டு, வரிசைக்கு ஒரு நூல் அளவு உயரம் ஏற்றிக்கொண்டே பின்னால் வந்து வாசலில் முடிக்க வேண்டும். அப்படிப் போட்டால் வாட்டம் சரியாக வந்து, தண்ணீர் தானாகப் போக வேண்டிய இடத்துக்குப் போகும். இதை அந்த மச்சினனுக்குச் சொல்லிக்கொடுத்ததே மேஸ்திரிதான்.

அன்றைக்கு அவர் உள்கோடிக்குப் போனார். குந்தப் பார்த்தார். பாதியில் கவ்வியது. வலது காலைப் பக்கவாட்டில் நீட்டலாம் என்றால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கக்கூஸ் பீங்கான். மச்சினன் படிக்கட்டில் கலவையோடு வரும் சத்தம் கேட்டது. அவசரமாக எழுந்து வாசலுக்கு வெளியே வந்து, படுக்கையறைத் தரையில் வலது காலை நீட்டி, இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இங்கேருந்து போடுவோம் மாப்ள."

"வாசல்லேருந்தா மாமா?"

"ஆமா."

"ஓட்டைலேருந்து வரலயா?"

"ஏன், நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"அதுக்கில்ல மாமா. வாட்டம் தெரியாமப் போயிடுமேன்னு…"

"நூல் கட்டிப் போட்டா எங்கேருந்து போட்டா என்ன? கொட்டு கலவையை. காஞ்சு போயிடும்."

மச்சினன் அவர் நீட்டியிருந்த காலைப் பார்த்தான். "கால் மரத்துப்போச்சா மாமா?"

"உன் வாய்தான் மரத்துப்போகணும். கொட்டுடா."

முதல் இரண்டு வரிசை சரியாக வந்தது. மூன்றாவது வரிசைக்குக் கை எட்டவில்லை. முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் படுத்தபடி வைத்தார். அந்த வாக்கில் படுத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றுதான். நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே போயின. கடைசி வரிசைகளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னால் விறைப்பாக நீட்டி, மேலேயிருந்து இறக்கி வைத்து, நீளமான கட்டை ஒன்றால் தட்டினார். எந்தத் தரை போட்டாலும் மறுநாள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் அவர் கிளம்பியதில்லை. இந்தத் தடவை மறுநாள் வந்தும் ஊற்றவில்லை. மச்சினன் குவளையை எடுத்தபோது, "போதும், வா" என்று முன்னால் நடந்தார்.

ஒன்பதாம் நாள் இன்ஜினியர் போன் செய்தார். இன்ஜினியர் என்றால் படித்தவர் என்று நினைக்க வேண்டாம். கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பதால் அந்தப் பேர்.

போனபோது பாத்ரூம் வாசலில் வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். இன்ஜினியர் ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளே சாய்த்தார். தண்ணீர் நடுவில் போய்க் கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. பிறகு ஓட்டைக்கு முதுகைக் காட்டிவிட்டு, கூச்சமே இல்லாமல் வாசலைப் பார்த்து வந்தது. மேஸ்திரியின் செருப்பு நனைந்தது.

"என்ன மேஸ்திரி இது? குளிச்ச தண்ணி படுக்கறதுக்கு வருது."

"புது அலமாரிங்க. அடியெல்லாம் ஊறிப்போச்சு" என்றாள் வீட்டுக்காரம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"கலவை இறங்கியிருக்கும் போல" என்றார் மேஸ்திரி.

"இறங்கிச்சா, இல்ல சரியா விரிக்கலயா? யாரு விரிச்சது?"

மச்சினன் அங்கேதான் இருந்தான். கதவு ஓரமாக, கையில் துடைக்கும் துணியோடு. அவன் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. மாமா சொல்லிவிடுவார் என்று நம்பிக் காத்திருக்கிற பார்வை.

"மாப்ளதான் விரிச்சான்" என்றார் மேஸ்திரி. அதோடு நிறுத்தியிருந்தாலாவது பாதிப் பாவம். "நானும் பாத்திருக்கணும். விடுங்க, சின்னப் பையன் மாதிரி, தெரியாமப் பண்ணிட்டான்" என்று பெரிய மனுஷத்தனமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். முப்பத்தெட்டு வயசு ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சின்னப் பையனாம்.

மச்சினன் துணியைப் பிழிந்து பக்கெட்டின் விளிம்பில் போட்டான். "நாளையிலேருந்து இவன் என் சைட்டுக்கு வர வேணாம்" என்று இன்ஜினியர் சொன்னபோது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் அடுத்த கேவலம். விஷயம் கேள்விப்பட்ட மனைவி, தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் வரவழைத்து, வாசலிலேயே நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். உள்ளே கட்டிலில் மேஸ்திரி காலை நீட்டிப் படுத்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். எழுந்திருக்கவே நேரமாகும், அதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். முடியவில்லை, நிறைய நேரம் நடந்தது. அதன் பிறகு உள்ளே வந்த அவள் எண்ணெயைச் சூடாக்கி முட்டியில் தேய்த்தாள். "நீங்க கவலைப்படாதீங்க. உங்க கை சுத்தம்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள். அவருக்குக் கட்டிலோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நாற்பது நாள் ஓடியது. மச்சினன் பஸ் ஷெட்டில் வண்டி கழுவப் போனான். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மேஸ்திரி பாத்ரூம் வேலைகளை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, காலை நீட்ட இடமிருக்கும் கூடங்களை மட்டும் ஒப்புக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஷெட் வரும். அதைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றிப் போனார், நொண்டிக்கொண்டே.

ஒரு விடுமுறைக் காலையில் மனைவி படுக்கை விரிப்பை உதறினாள். கால்மாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"என்னங்க இது? எங்க, காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, விடு."

அவள் போர்வையை விலக்கினாள். இடது காலில் நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. வலது காலில் கட்டைவிரல் நகம் வளைந்து, மஞ்சளாகி, கழுகு நகம் மாதிரி இருந்தது.

"ஒரு காலுக்கு மட்டும் வெட்டுவாங்களா? எந்த ஊரு வழக்கம் இது?" சிரித்துக்கொண்டே நகவெட்டியை எடுத்து வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி, முட்டியை மடக்கி, நெஞ்சுப் பக்கமாகத் தள்ளி, வெளிச்சத்துக்காகப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினாள்.

அவர் அலறிவிட்டார். பக்கத்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அவள் பயந்துபோய்க் காலை விட்டாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள். கை இடுப்பு மடிப்பை அழுத்திப் பிடித்திருந்தது.

"நான் மடக்கினது முட்டியை. நீங்க எதுக்கு அங்க புடிக்கிறீங்க?"

அவர் கையை எடுத்துப் போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க. ஏழு மாசமா நான் எங்க தேய்ச்சிட்டிருக்கேன்?"

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இழுத்துப் போனாள் என்பதுதான் சரி. எலும்பு டாக்டர் ஐம்பது வயதுப் பெண். மேஸ்திரி அவரைப் பார்த்ததும் திரும்பிவிடப் பார்த்தார். மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, வலது காலை மடக்கி மெல்ல மேலே கொண்டுவந்து, முட்டியை உள்பக்கமாகச் சாய்த்துத் திருப்பினார். மேஸ்திரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அங்கே, அதே இடத்தில், டாக்டர் சொல்லிவைத்த மாதிரி வலியைப் பிடித்துவிட்டார்.

"இங்கதானே?"

"ம்."

பிறகு பிளாஸ்டிக்கில் அளவுகோல் மாதிரி ஒன்றை இடுப்போரம் வைத்துப் பார்த்தார். "இடது கால் நூத்திப் பதினஞ்சு டிகிரி மடங்குது. வலது தொண்ணூறுகூட வரல. உள்பக்கம் திருப்பினா சுத்தமா நின்னுபோகுது."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினார். "தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும். அது இந்தக் கிண்ணத்துக்குள்ள உருளணும். உங்க பந்து முழு உருண்டையா இல்ல. இதோ, கழுத்துக்கிட்ட ஒரு மேடு. நிக்கிறப்ப, நடக்கிறப்ப ஒண்ணும் பண்ணாது. மடக்கினா இந்த மேடு கிண்ணத்தோட விளிம்புல போய் இடிக்குது. விளிம்புல ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கு, அது நடுவுல மாட்டி நசுங்குது. அதான் கவ்வுற மாதிரி வலி."

மேஸ்திரிக்கு அது நொடியில் புரிந்தது. பழைய வீட்டில் தரை மேலேயே புதுத் தரை போட்டால் கதவு பாதி திறந்து அடியில் தட்டி நின்றுவிடும். இன்னும் தள்ளினால் டைலும் தேயும், கதவும் தேயும். எத்தனையோ வீட்டில் கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை இழைக்கச் சொல்லியிருக்கிறார்.

"அந்த மேட்டை இழைக்க முடியாதுங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். "முடியும். சின்ன ஓட்டை போட்டுச் செதுக்குவாங்க. ஆனா முதல்ல பயிற்சி. சுத்தியிருக்கிற தசைக்குப் பலம் வந்தா நிறைய பேருக்கு அதுலயே தேவலையாயிடும். மூணு மாசம் பாப்போம். என்ன வேலை பாக்குறீங்க?"

"டைல்ஸ் போடுறேன்."

"குந்திக்கிட்டா?"

"ஆமாங்க."

"எந்த வயசுலேருந்து?"

"பதிமூணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வளர்ற வயசுல எலும்புக்குப் பாரம் ஜாஸ்தியானா இந்த மேடு வர வாய்ப்பு உண்டு. இனிமே குந்தக் கூடாது. ஒரு வருஷம் எப்படிப்பா சமாளிச்சீங்க, இந்தக் காலை வச்சுக்கிட்டு?"

அவர் சிரித்து மழுப்பினார். மனைவி சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவளிடம் தங்கிவிட்டது.

வெளியே நீளமான தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள். மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்தப் பாத்ரூம்ல எப்படி உக்காந்தீங்க?"

"எந்தப் பாத்ரூம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

எதிரே ஒரு பெண்மணி சக்கர நாற்காலியில் யாரையோ தள்ளிக்கொண்டு போனாள். அது கடந்து போக அவர் வலது காலைக் கையால் உள்ளே இழுத்தார்.

"வெளிய உக்காந்துதான் போட்டேன். வாசல்லேருந்து."

"ஓட்டைலேருந்துதானே போடணும்? சாப்பிட உக்காந்தா மாமனும் மச்சானும் அதைத்தானே பேசுவீங்க. இஸ்திரி போடுற எனக்கே தெரியும்."

"ஆமா."

"அப்ப என் தம்பி?"

"அவன் ஓட்டைலேருந்து போடலாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. கலவைல தப்பில்ல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றாள்.

"நீ சொன்னதை நம்பி அவனை என் வாசல்ல நிக்கவச்சுத் திட்டினேன். அவன் பொண்டாட்டி பாத்துட்டு நிக்கிறா. 'எம் புருஷன் பேரைக் கெடுத்துட்டியேடா'ன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா அவன்? 'தப்புதான்க்கா'ன்னான். உள்ள படுத்துக்கிட்டு நீ கேட்டுட்டுத்தானே இருந்த?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு, நான் எண்ணெய் தேய்க்க வந்தப்ப காலை நீட்டிக் காட்டின."

"எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். வலிக்கிற இடத்தைச் சொல்ல. உக்கார முடியலன்னு சொல்ல. அப்புறம், அவனைச் சொல்லிட்டேனேன்னு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறிடுச்சு. எங்கேருந்து பிரிக்கறதுன்னு தெரியல."

"என்கிட்ட சொன்னது பத்தாது" என்றாள் அவள். "எங்க சொன்னியோ, அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் காலை பத்தரைக்கு, டீ நேரத்தில், மேஸ்திரி இன்ஜினியருடைய புதுக் கட்டடத்துக்குப் போனார். பூச்சு முடிந்து தரை போடாத பெரிய கூடம். ஏழெட்டுப் பேர் வட்டமாகக் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் மட்டும் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். யாரோ நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க மேஸ்திரி" என்றார்கள். அவர் நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்த மாடி வீட்டுப் பாத்ரூம். வாட்டம் தப்பினது என்னாலதான். மச்சினன் மேல தப்பில்ல."

வட்டத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். பிறகு சிரிப்பு பொங்கியது.

"வீட்டுல சாப்பாடு போடலயா மேஸ்திரி?"

"நாப்பது நாள் தாக்குப்பிடிச்சதே பெரிசு. என் பொண்டாட்டியா இருந்தா நாலாம் நாளே வெளிய படுக்கப் போட்டிருப்பா."

"இல்லப்பா, உண்மையாத்தான் சொல்றேன். என்னால குந்த முடியல. அதனால வாசல்லேருந்து போட்டேன்."

"யாரு, நீங்க? குந்த முடியலயா?" டீ கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்திருந்தது. "மேஸ்திரி, உங்க மனசு யாருக்கு வரும்? பொண்டாட்டியோட தம்பிக்காகப் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிறீங்க. சரி, உங்க முகத்துக்காக அவனை வரச் சொல்லுங்க. மூட்டை தூக்கட்டும். கலவைல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். உங்க பேரு எப்பவும் போல இருக்கும்."

மேஸ்திரி அசையாமல் நின்றார். எவ்வளவு சுலபமாகப் போயிற்று! மச்சினனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவருடைய பேரும் கெடவில்லை, நல்லவர் என்று கூடுதலாக ஒரு பட்டம் வேறு. தலையை ஆட்டிவிட்டு ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம். வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன் என்றால் பொய்யாகவும் இருக்காது. பொய் சொல்லிக் கெட்ட மனுஷனை உண்மை சொன்ன பிறகும் நல்லவனாக்கி அனுப்புகிறார்கள்.

"தள்ளுங்க" என்றார்.

வட்டத்தின் நடுவில் இருந்த டீக் குவளைகளைக் காலால் ஒதுக்கினார். செருப்பைக் கழற்றினார். எல்லாரும் பார்க்க, கூடத்தின் நடுவில், பிடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் நின்று கீழே இறங்கினார். இடது பக்கம் பழகின மாதிரி மடங்கியது. வலது பக்கம், இல்லாத நாற்காலி ஒன்றில் உட்காரப் போகிறவர் மாதிரி அந்தரத்தில் நின்றது. ஒருவர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். குதிகால் தூக்கியது. முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, தொண்டையிலிருந்து அவருக்கே பழக்கமில்லாத ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். சிமெண்ட் தூசி எழுந்தது. கை அவரைக் கேட்காமலே அந்த இடத்துக்குப் போய், எந்த இடத்தைக் காட்ட ஒரு வருஷம் கூசினாரோ அதை, அத்தனை பேர் முன்னாலும் பொத்திப் பிடித்துக்கொண்டது.

சிரித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார்.

"இதான்" என்றார், கீழே கிடந்தபடியே. "இதை மறைக்கத்தான் வாசல்லேருந்து போட்டேன். அவன் வேணாம்னான். நான்தான் அவன் வாயை அடைச்சேன். அப்புறம் அங்க நின்னுக்கிட்டு அவனையே காட்டிக்கொடுத்தேன். அவன் கலவை விரிச்சா ரசமட்டம் வைக்க வேண்டியதே இல்ல. அவனை மூட்டை தூக்கவா கூப்பிடுறீங்க?"

முட்டிக்கு மெத்தை கட்டின ஒருவன் எழுந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். இன்னொருவர் சட்டையின் தூசியைத் தட்டினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைப் பார்வை இன்ஜினியர் முகத்திலிருந்தும் போய்விட்டிருந்தது.

"அவனை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார் இன்ஜினியர், சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுக்கொண்டு. "அந்தப் பாத்ரூமை அவனே பேத்துப் போடட்டும். இனி அவனே தனியா எடுத்துச் செய்யட்டும்."

"சரிங்க."

"உங்களுக்கு… பாப்போம்."

பாப்போம் என்றால் என்ன என்று முப்பது வருஷமாகக் கட்டட வேலை செய்கிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் மனைவி கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவர் வந்ததும் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"நம்புனாங்களா?"

"முதல்ல நம்பல. அப்புறம் குந்திக் காட்டினேன்."

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். தோளில், ஒரு பக்க இடுப்பில், காதோரத்தில் சிமெண்ட். மேலே ஒன்றும் கேட்கவில்லை. துண்டை நனைத்து எடுத்து வந்து காதோரத்தைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அது உயரம் போதாதென்று தலையணை ஒன்றை மேலே வைத்து, அவரை உட்காரவைத்தாள். பிறகு போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

அந்தப் பக்கம் பஸ் ஷெட்டின் இரைச்சல் இவர் வரைக்கும் கேட்டது.

"அக்காடா" என்றாள். போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "நாளைக்கு இன்ஜினியர் சைட்டுக்குப் போடா. உன்னை வரச் சொல்லியிருக்காரு. உன் மேல தப்பில்லன்னு மாமா போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. நான்தான்டா உன்னை…" என்று நிறுத்தினாள்.

அவன் எதுவும் கேட்கவில்லை. ஏன் இப்போது, ஏன் அன்றைக்கே இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் பீய்ச்சும் சத்தம் நின்றது. குழாயை மூடிவிட்டான் போலிருக்கிறது. பிறகு தன் வழக்கமான நிதானத்தில் அவன் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"மாமாவுக்கு அந்தக் கால் இப்ப எப்படிக்கா இருக்கு?"

அவள் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நல்லா இல்லடா" என்றாள்.